உஷார்! ப்ளே ஸ்கூல் மிஸ் வேலைக்குக் கிளம்பிவிட்டீர்களா?

2025 ஜனவரி 3-ம் தேதி விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் எல்கேஜி படித்த சிறுமி செப்டிக் டேங்க்குக்குள் விழுந்து இறந்துபோனாள். மேலே போட்டிருந்த இரும்பு மூடி துருப்பிடித்து, குழந்தையின் எடையைக்கூடத் தாங்க முடியாத நிலையில் இருந்திருக்கிறது. அந்த வழக்கில் கைதானவர்கள் மூன்று பேர். தாளாளர், முதல்வர், வகுப்பு ஆசிரியை.

தாளாளர் கைதானதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. அந்த மூன்றாவது பெயரைத்தான் நம் வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டும். பொதுவாக எந்தத் தனியார் பள்ளியிலும் டேங்க் மூடியை மாற்றும் பணமோ அதிகாரமோ வகுப்பு மிஸ்ஸிடம் இருப்பதில்லை. ஆனால் குழந்தை அவர் பொறுப்பில் இருக்கிறது. ஒன்று நடந்துவிட்டால் போலீஸ் கேட்கிற முதல் கேள்வியே, "அந்த நேரத்துல குழந்தைய யாரு பாத்துக்கிட்டு இருந்தது?" என்பதுதான்.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 29-ம் தேதி மதுரை கே.கே.நகரில் தனியார் மழலையர் பள்ளி ஒன்றில் நான்கு வயதுக் குழந்தை தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. மறுபடியும் மூடி சரியில்லாத தொட்டி, மறுபடியும் கைது, சீல்.

இப்படியிருந்தும் மே மாதம் பிறந்தால் தெருவுக்குத் தெரு பேனர் முளைக்கிறது. 'மான்டிசோரி டீச்சர் டிரெய்னிங் – 100% வேலை உறுதி', 'இல்லத்தரசிகளுக்கு அரிய வாய்ப்பு', 'ப்ளஸ் டூ போதும்'. பிள்ளை பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டது, வீட்டில் சும்மா இருப்பானேன் என்று நினைக்கும் அம்மாக்களும், டிகிரி முடித்து வீட்டுப் பக்கத்திலேயே வேலை தேடும் பெண்களும்தான் பேனர் கட்டுபவர்களின் குறி. "குழந்தைங்கன்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டு போய் மாட்டுகிறார்கள். குழந்தைகளைப் பிடித்திருப்பது நல்ல குணம்தான். அதை வைத்தே நம்மிடம் காசு பறிக்கவும், சம்பளத்தைக் குறைக்கவும், பழியைத் தலையில் கட்டவும் ஆள் இருக்கிறது என்பதால்தான் இந்த எச்சரிக்கை.

முதல் வலை, கோர்ஸ். மரியா மான்டிசோரி 1907-ல் ரோமில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டதால் பல வருடம் இந்தியாவிலேயே தங்கிவிட்டார். ஆக, இந்த முறைக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருக்கமான பழைய உறவு உண்டு. ஆனால் 'மான்டிசோரி' என்ற பெயர் யாருடைய தனிச் சொத்தும் இல்லை. அமெரிக்காவில் 1967-லேயே அது பொதுச்சொல் என்று தீர்ப்பாகிவிட்டது. நம்மூரிலும் யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்கிறார்கள். மான்டிசோரி 1929-ல் தொடங்கிய சர்வதேச சங்கம் (ஏ.எம்.ஐ.) வழங்கும் டிப்ளமோ வேறு ரகம். நூற்றுக்கணக்கான மணி நேர வகுப்பு, உண்மையான வகுப்பறையில் ஓரமாக உட்கார்ந்து குழந்தைகளைக் கவனிப்பது, ஒவ்வொரு உபகரணத்துக்கும் கைப்பட ஆல்பம் எழுதுவது, எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு என்று பெண்டு நிமிர்ந்துவிடும். மூன்று மாதம், வாரத்துக்கு இரண்டு நாள், கடைசியில் கறுப்பு கவுன் போட்டு போட்டோ என்றால், நீங்கள் வாங்கியது போட்டோ மட்டும்தான்.

'கவர்ன்மென்ட் அப்ரூவ்டு' என்பதற்கு அவர்கள் எடுத்து நீட்டும் காகிதத்தை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலும் அது டிரஸ்ட் பதிவுச் சான்றாக இருக்கும். இல்லையென்றால் ஐ.எஸ்.ஓ. 9001. அதுவும் இல்லையென்றால் உத்யம் பதிவு. உத்யம் என்பது சிறுதொழில் செய்கிற யாரும் ஆன்லைனில் இலவசமாக, தானே விவரம் கொடுத்து வாங்கிக்கொள்ளும் சான்று. மாவு மில்லும் அதை வாங்கலாம். இதில் எதுவுமே அந்தப் படிப்புக்கான அங்கீகாரம் இல்லை.

ஆசிரியர் பயிற்சிப் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுப்பது என்.சி.டி.இ. என்கிற தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். அதன் விதிகளில் இருக்கும் முன்பருவக் கல்வி டிப்ளமோ இரண்டு வருடப் படிப்பு. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அதன் இணையதளத்திலேயே இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. அதில் பெயர் இல்லாத இடத்தில் "இத முடிச்சா நாளைக்கு கவர்ன்மென்ட் ஸ்கூல் டீச்சர் ஆயிடலாம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆகத் தொடக்கக் கல்வி டிப்ளமோவும் வேண்டும், டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வும் எழுத வேண்டும். ஆறு மாத நர்சரி டிரெய்னிங் அந்தக் கதவைத் திறக்காது.

அதற்காக எல்லாக் குறுகிய காலப் பயிற்சியும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. தனியார் ப்ளே ஸ்கூலில் சேர நல்ல பயிற்சி நிச்சயம் உதவும். இக்னோ பல்கலைக்கழகத்திலேயே ப்ளஸ் டூ முடித்தவர்களுக்குக் குழந்தைப் பருவப் பராமரிப்பு, கல்வி பற்றிய ஒரு வருட டிப்ளமோ அஞ்சல் வழியில் இருக்கிறது. காசு கட்டும் முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரில் நல்ல பெயரெடுத்த இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் போய், "இந்த இடத்து சர்டிபிகேட் வெச்சிருந்தா எடுப்பீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். பேனர் சொல்லாததை அவர்கள் முகமே சொல்லிவிடும்.

கோர்ஸ் முடிந்து பள்ளி வாசலுக்கு வருகிறீர்கள். இன்டர்வியூ நன்றாகப் போகிறது. "ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஆபீஸ்ல குடுத்துடுங்கம்மா, சேஃபா இருக்கும்" என்கிறார்கள். கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், ஒரிஜினலோடு வீட்டுக்கு வாருங்கள். படிப்புச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதை அடமானம்போலப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனாலும் நடுவில் வேலையை விட்டவர்கள் தங்கள் மார்க்‌ஷீட்டுக்காக மாதக்கணக்கில் அலைவது நின்றபாடில்லை. கூடவே, "இரண்டு மாதச் சம்பளம் டெபாசிட்", "ஒரு வருஷம் முடிக்காமப் போனா பணம் கட்டணும்" என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். படிக்காமல் போடாதீர்கள். அதன் நகல் ஒன்றைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். நகல் தர மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில்.

சம்பளத்தைப் பற்றிப் பெரிதாகக் கனவு வேண்டாம். சின்ன ஊர்களில் ஐந்து இலக்கத்தைத் தொடாத சம்பளம் சர்வ சாதாரணம். அதிலும் 'டிரெய்னிங் பீரியட்' என்று முதல் இரண்டு மூன்று மாதம் சும்மா வேலை வாங்கும் இடங்கள் உண்டு. ஏப்ரல், மே மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்பதையும், அந்த மாதங்களில் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்து அட்மிஷன் பிடித்து வரச் சொல்வார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, அக்கவுன்ட்டில் ஒரு தொகையைப் போட்டு, அதில் பாதியைக் கையில் திருப்பித் தரச் சொல்வது. இதற்குச் சம்மதித்தால் நீங்களும் பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட்டவர் ஆகிவிடுகிறீர்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் என்றால் பி.எஃப். பிடித்தம் இருக்க வேண்டும். உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். நம்பரைக் கேட்டு வாங்குங்கள்.

இதெல்லாம் பணம். போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். நான் அதிகம் பயப்படுவது அடுத்த விஷயத்துக்குத்தான்.

வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன், "மேடம், ஸ்கூலை ஒரு தடவை சுத்திப் பாக்கலாமா?" என்று கேளுங்கள். வரவேற்பறையில் மிக்கி மவுஸ் சிரிக்கும். அதைத் தாண்டி, கட்டடத்தின் பின்பக்கம் போங்கள். சம்ப் எங்கே, செப்டிக் டேங்க் எங்கே என்று பாருங்கள். மேலே கான்கிரீட் மூடியா, தகரமா? வாடகை வீட்டை ப்ளே ஸ்கூலாக மாற்றிய இடங்களில் நடைபாதை நடுவிலேயே சம்ப் இருக்கும். அதன் மேல் ஒரு பழைய தகரத்தைப் போட்டு, தகரம் நகராமலிருக்க ஒரு குரோட்டன்ஸ் தொட்டியை ஏற்றி வைத்திருப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். தண்ணீர் லாரி வரும் அன்று தொட்டி ஓரமாகப் போகும், தகரம் சாய்த்து வைக்கப்படும், டிரைவர் ஹோஸை எடுக்கப் போவார். அந்த இரண்டு நிமிடத்தில் மூன்று வயதுப் பிள்ளை பந்தைத் துரத்திக்கொண்டு வந்தால் முடிந்தது கதை. பூட்டுப் போட்ட மூடி இல்லாத பள்ளியில் வேலைக்குச் சேராதீர்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

மாடியில் வகுப்பா? படிக்கட்டில் கேட் உண்டா, கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், ஜன்னலில் கம்பி இருக்கிறதா? வெளியேற இரண்டாவது வழி இருக்கிறதா? கிரில் கேட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை யார் வைத்திருக்கிறார்கள்? குழந்தைகளுக்குப் பால் காய்ச்சும் அடுப்பு வகுப்பறையிலிருந்து எத்தனை அடி?

2004 ஜூலை 16-ம் தேதியைத் தமிழ்நாட்டில் பள்ளி வாசலை மிதிக்கிற யாரும் மறக்கக் கூடாது. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல்கூடத்தில் பற்றிய நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் கருகினார்கள். பத்து வருடம் கழித்து, 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் இருந்தவர்கள் பள்ளி நிறுவனரும் கல்வி அதிகாரிகளும் மட்டும் அல்ல. சத்துணவு அமைப்பாளரும் சமையலரும்கூட இருந்தார்கள். சம்பளப் பட்டியலில் கடைசி வரியில் இருந்தாலும் குற்றப்பத்திரிகையில் இடம் உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

2015-ல் தமிழக அரசு ப்ளே ஸ்கூல்களுக்கென்றே விதித்தொகுப்பு கொண்டுவந்தது. கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்குச் சான்று வேண்டும். "ஸ்கூலுக்கு ரெகக்னிஷன் இருக்கா மேடம், எந்த வருஷம் வரைக்கும்?" என்று கேட்பதில் கூச்சம் எதற்கு? பெற்றோர் கேட்கலாம் என்றால், எட்டு மணி நேரம் அங்கே நிற்கப்போகிற நீங்கள் கேட்கக் கூடாதா? தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்படி 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியை, கூடவே ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும். உங்கள் வகுப்பில் 35 குழந்தைகள், மூன்று வகுப்புக்குச் சேர்த்து ஓர் ஆயாம்மா என்றால், ஒரு பிள்ளையை நீங்கள் பாத்ரூமுக்கு அழைத்துப் போகும்போது மீதி 34 பேரை யார் பார்ப்பது?

சேர்ந்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். தினசரி இரண்டு இடங்களில் கண்ணி இருக்கிறது. ஒன்று மருந்து. காலையில் அவசரமாக வரும் அம்மா பையில் ஒரு பாட்டிலைத் திணித்து, "லேசா ஜுரம் மிஸ், மதியம் அஞ்சு எம்.எல். குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிடுவார். பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லியில் 120 மில்லிகிராமும் உண்டு, 250-ம் உண்டு. கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். அந்த அம்மா வீட்டிலிருக்கும் தம்பிப் பாப்பாவின் டிராப்ஸ் பாட்டிலை மாற்றிக் கொண்டுவந்திருந்தால், நீங்கள் ஊற்றும் 5 மில்லியில் 500 மில்லிகிராம் போய்விடும். பெரியவர்கள் போடுகிற முழு மாத்திரை அளவு அது. மருந்தின் பெயர், அளவு, நேரம் எழுதி, பெற்றோர் கையெழுத்தும் டாக்டர் சீட்டும் இல்லாமல் ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள். ஜுரத்தில் வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம். ஆயாம்மாவிடமும் முதல் நாளே சொல்லி வையுங்கள். சாவியை எடுத்துக்கொண்டு முதலில் ஓடி வருபவர் அவராகத்தான் இருப்பார்.

இரண்டாவது கண்ணி, சாயங்கால வாசல். "நான் பாப்பாவோட சித்தப்பா, அண்ணி அனுப்பினாங்க" என்று ஒருவர் நிற்கிறார். பாப்பாவும் சிரித்துக்கொண்டே கையை நீட்டுகிறது. ஆயாம்மா, "தெரிஞ்சவருதான் மிஸ், போன வாரங்கூட வந்தாரே" என்கிறார். வந்திருப்பது உண்மையான சித்தப்பாவாகவே இருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் விவாகரத்து வழக்கு நடக்கிறதா, குழந்தை யார் பொறுப்பில் என்று கோர்ட் சொல்லியிருக்கிறதா, உங்களுக்குத் தெரியாது. அட்மிஷன் பாரத்தில் போட்டோவோடு எழுதிக் கொடுத்த ஆளைத் தவிர வேறு யாரிடமும் அனுப்பாதீர்கள். அம்மாவின் நம்பருக்கு நீங்களே போன் போடுங்கள். வந்தவர் நீட்டும் போனில் பேசாதீர்கள். அவர் முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும்.

சட்டம் எவ்வளவு கடுமையானது என்று பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75-ன்படி பொறுப்பில் இருக்கும் குழந்தையைக் கொடுமைப்படுத்தினாலோ அலட்சியமாக விட்டாலோ மூன்று வருடம் வரை சிறை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தின் ஊழியர் என்றால் ஐந்து வருடம் வரை கடுங்காவல், ஐந்து லட்சம் வரை அபராதம். சாப்பிட மறுக்கும் பிள்ளையின் வாயில் அழுத்தித் திணிப்பது, தொடையில் ஒரு கிள்ளு, பாத்ரூமில் போட்டுக் கதவைச் சாத்துவது ஆகியவற்றை 'பழக்கம்' என்று சீனியர் மிஸ் சொல்லித் தருவார். சி.சி.டி.வி. கிளிப் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தால் சீனியர் மிஸ் உங்கள் பக்கம் நிற்க மாட்டார்.

போக்சோ சட்டம் அதைவிடக் கறார். குழந்தைக்குப் பாலியல் துன்புறுத்தல் நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கலாம் என்று அஞ்சக் காரணம் இருந்தாலோ போலீஸிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது பிரிவு 19. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. வேன் டிரைவரைப் பார்த்தால் ஒரு குழந்தை ஏன் நடுங்குகிறது என்று உங்களுக்குச் சந்தேகம் வந்து, நீங்கள் தாளாளரிடம் சொல்லி, அவர் "ஸ்கூல் பேரு கெட்டுடும்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னால், உங்கள் கடமை அங்கே முடியவில்லை. போலீஸிடமும், குழந்தைகள் உதவி எண் 1098-லும் நீங்களே சொல்ல வேண்டும். வேலை போகலாம். போகட்டும்.

பிள்ளைகளோடு ரீல்ஸ் எடுத்துப் போடும் மிஸ்களுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோர் எழுதிக் கொடுக்காமல் ஒரு குழந்தையின் முகத்தையும் இன்ஸ்டாகிராமில் ஏற்றாதீர்கள், லைக் எத்தனை வந்தாலும்.

அங்கன்வாடி வேலைக்கு முயற்சி செய்பவர்களைச் சுற்றும் கூட்டம் தனி. 2025 ஏப்ரலில் தமிழக அரசு அங்கன்வாடிகளில் 7,783 இடங்களை நிரப்ப அறிவிப்பு விட்டதும், "எம்.எல்.ஏ. ஆபீஸ்ல ஆள் இருக்கு, ரெண்டு லட்சம் குடுத்தா முடிச்சுடலாம்" என்கிற வகைத் தரகர்களுக்கு வேலை வந்துவிட்டது. அந்த அறிவிப்பின்படி பணியாளருக்கு முதல் வருடத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய், உதவியாளருக்கு 4,100. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பைசா செலவு செய்யாமல், உதவியாளரின் முதல் வருடச் சம்பளக் கணக்கில் அப்படியே சேர்த்தால் அந்த இரண்டு லட்சத்தை எடுக்க நான்கு வருடத்துக்கு மேல் ஆகும். விண்ணப்பிப்பது இலவசம். தேர்வு மாவட்ட அளவில் நடக்கிறது, அந்தந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்குத்தான் வேலை. பணம் வாங்கியவர் ரசீது தரப்போவதும் இல்லை, நீங்கள் புகார் கொடுக்கப் போனால் லஞ்சம் கொடுத்தது நீங்கள்தானே என்ற கேள்வியும் வரும்.

வெளிநாட்டு ஆசை காட்டுபவர்கள் இன்னும் பெரிய கைகள். 'லண்டனில் நர்சரி அசிஸ்டென்ட், விசா ஸ்பான்சர்ஷிப் உறுதி' என்று பல லட்சம் கேட்டால் காலண்டரைக் காட்டுங்கள். 2025 ஜூலை 22 முதல் பிரிட்டனின் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்குப் பொதுவாகப் பட்டப்படிப்புத் தரத்திலான வேலையாக இருக்க வேண்டும் என்று விதி மாறிவிட்டது. நர்சரி உதவியாளர் வேலை அந்தத் தரத்தில் வராது. வளைகுடா என்றால், 'கிண்டர்கார்டனில் கேர்டேக்கர்' என்று அழைத்துப் போய் ஒரு வீட்டுக்குள் பணிப்பெண்ணாக விட்டுவிடும் அபாயம் உண்டு. விசாவில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது என்பதை, அரபு தெரிந்த ஒருவரிடம் படித்துக் காட்டச் சொல்லிவிட்டு விமானம் ஏறுங்கள். இந்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகள் யார் என்பது இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான்.

ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்தது தெரிந்தால் வீட்டில் திட்டுவார்களே என்று இரண்டு நாள் மறைத்து வைக்காதீர்கள். அந்த மணி நேரத்திலேயே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்தால், பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. பள்ளி பற்றிய புகார் என்றால் 14417. ஜூன் மாதம் வேலையில் சேர்ந்த பிறகு சம்ப் மூடி உடைந்திருப்பதைப் பார்த்தீர்கள் என்றால், வாயால் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். தேதி போட்டு, தாளாளர் வாட்ஸ்அப்புக்குப் போட்டோவோடு அனுப்புங்கள், அந்த மெசேஜை அழிக்காதீர்கள். மூடி மாறும் வரை உங்கள் வகுப்புப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட விடாதீர்கள்.